வெறும் கட்டை

முதல் மூன்று நாள் ஒரு சத்தமும் வரவில்லை.
நாற்பத்தொன்பது கட்டை,
எதை அழுத்தினாலும்
பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிக் இடிக்கும் ஓசைதான்.

சன்சவுங்கில் மூடிப்போன கரோக்கே கடையிலிருந்து
கோ ஸா லின் மலிவாகத் தள்ளிவிட்டது:
கீபோர்டு ஒன்று,
செங்கல் கனத்தில் ஒலிப்பெட்டி ஒன்று,
ஐந்து ஊசி வயர் ஒன்று, ஒரு ஸ்பீக்கர்.
கையேடு ஜப்பானியத்தில்.
“ஏமாந்துட்டே” என்றாள் சுகிர்தா.
பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவனுக்கு
இதெல்லாம் எதற்கு என்பது
அவள் சொல்லாமல் விட்ட மிச்சம்.

நான்காம் நாள் காலை
பால்கனிக் கயிறு ஆடியது.
முப்பத்தெட்டாம் தெருவில் நின்று
மொஹிங்காக்காரி இழுக்கிறாள்,
ஐந்தாம் மாடியில் மணி அடிக்கிறது.
கயிற்றுக்குள் மணியோசை
ஒரு சொட்டும் ஓடுவதில்லை.
இழுத்தேன், இவ்வளவு பலமாய், இப்போது விட்டேன்.
அவ்வளவுதான் சேதி.
ஓசை மணியின் சொந்தப் பாடு.

உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன்.
கீபோர்டின் ‘உள்’ளையும் பெட்டியின் ‘உள்’ளையும்
வயரால் கோத்து வைத்திருக்கிறேன்.
இரண்டு பேரும் கேட்கிறவர்கள்.
பேச ஆள் இல்லை.

மாற்றிச் செருகினேன்.
ச அழுத்தினால் டிரம். ரி அழுத்தினால் வேறொரு டிரம்.
பத்தாம் தடமாம், அங்கே எல்லாமே அடிதான்.
ஒன்றுக்கு மாற்றினேன்:
அதே விரல், அதே கட்டை, பியானோ.

இதில் எனக்கு வியப்பில்லை.
குடும்பப் பதிவேட்டில் நான் தான் நாய்ங்.
மண்டியில் கோ நாய்ங்.
கதவைச் சாத்தினால் அருள்வேலன்.
எந்தப் பெயர் சொல்லி அழைக்கிறார்களோ
அந்த ஆள் எழுந்து வருவான்,
மற்றவர்கள் உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

மின்சாரம் நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும்.
வந்திருந்த ஓர் இரவு
மேல்மூடியில் ஒட்டிய பட்டியலைப் பார்த்து
ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு போனேன்.
நாற்பத்தொன்று வயலின்.
நாகசுரம் இல்லை; நூற்றுப்பன்னிரண்டில்
ஷெனாயைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கி
என்னை நானே ஏமாற்றினேன்.
கடலலை. குருவி. டெலிபோன்.

நூற்றிருபத்தாறு.
பட்டியலைப் பார்க்காமல் அழுத்திவிட்டேன்.

ஹெலிகாப்டர்.

எதிர்வீட்டில் விளக்கு அணைந்தது.
அதற்கு மேல்வீட்டிலும்.
சுகிர்தா பிள்ளையை வாரிக்கொண்டு
சுவரோரம் போய்க் குந்திவிட்டாள்.
என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாள்.
பதற்றத்தில் இடக்கை தடத்தை மாற்றிவிட,
விரலை எடுத்தும் நிற்கவில்லை.
‘விட்டேன்’ என்ற சேதி பத்தாம் தடத்துக்குப் போயிருக்கிறது.
ஒன்றாம் தடத்தில்
எங்கள் தலைக்கு மேல்
அது நின்றபடியே சுற்றியது.
பிளக்கைப் பிடுங்கினேன்.

மறுநாள் படிக்கட்டில் டோ மியா கேட்டாள்:
ராத்திரி காதில் விழுந்ததா?
விழுந்தது.
எந்தப் பக்கம் போனது?
விமான நிலையப் பக்கம், என்றேன்.

பட்டியலில் அடுத்தது கைதட்டல்.
கடைசி, நூற்றிருபத்தெட்டு, துப்பாக்கி.
எவரோ, எந்த ஊரிலோ,
குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து
இந்த வரிசையைப் போட்டிருக்கிறார்:
ஹெலிகாப்டர், கைதட்டல், துப்பாக்கி.
அந்த மூன்று எண்ணின் மேலும்
சுகிர்தா பொட்டு ஒட்டிவிட்டாள்.
ஒரு சிவப்பு, இரண்டு கருப்பு.

இன்றைக்கு இருட்டு முறை.
பெட்டி செத்துக் கிடக்கிறது.
கீபோர்டில் மட்டும் பேட்டரி.
கட்டைகள் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன,
வயரின் அந்த முனையில் வாங்கிக்கொள்ள யாருமில்லை.
எதிரே மெழுகுவத்தியோடு வந்து உட்கார்ந்தாள்.
விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என்ன வாசிக்கிறே?”
“கேட்கலையா?”
“எந்தத் தடம்னு சொல்லு” என்றாள்.